ஒரு பவுனில் எட்டு லட்சம் ஸ்ட்ரிப்

போன செமஸ்டரில் எங்கள் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு. பி.காம் மாணவர்களையும் விட்டுவைக்காமல் உள்ளே தள்ளிவிட்டார்கள் (அட்டெண்டன்ஸ் உண்டு என்றார்கள், போய்விட்டோம்). மேடையில் பேசியவர், "வருங்காலத்தில் நானோ துகள்கள் ஒரே சொட்டு ரத்தத்தில் எல்லா நோயையும் கண்டுபிடித்துவிடும்" என்றார். அரங்கமே கைதட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் மட்டும் என் காதில், "எவ்வளவுடா ஆகும்?" என்றான்.

அன்று அந்த அரங்கில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான் என்பது என் கட்சி. இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்விக்கு வக்காலத்து வாங்கத்தான்.

முதலில் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். நானோ துகள் வருங்காலத்து சமாச்சாரமே இல்லை. அது மருத்துவப் பரிசோதனைக்குள் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தெருமுனை மருந்துக்கடையில் விற்கிறார்கள். கர்ப்பம் பார்க்கிற கார்டில் ஒரு சிவப்புக் கோடு விழுகிறதே, பெரும்பாலான கார்டுகளில் அந்தச் சிவப்பு சாயம் கிடையாது. தங்கம்! சுமார் 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள். தலைமுடியின் குறுக்களவில் இரண்டாயிரம் துகளை வரிசையாக நிற்க வைக்கலாம். இந்த அளவுக்குப் பொடியாகிவிட்டால் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இப்படிச் சிவந்த தங்கத் திரவத்தைச் செய்து பார்த்து, அதைப் பற்றி எழுதியும் வைத்துவிட்டார்.

வேலை செய்கிற விதமும் எளிமைதான். துகளின் மேல் ஒரு ஆன்டிபாடியை ஒட்டிவைக்கிறார்கள். நாம் தேடுகிற பொருள் சிறுநீரிலோ ரத்தத்திலோ இருந்தால் அந்த ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்ளும். திரவம் ஸ்ட்ரிப்பில் ஊறிக்கொண்டே போகும்போது, கோடு இருக்கிற இடத்தில் இன்னொரு ஆன்டிபாடி காத்திருந்து அவை அத்தனையையும் மடக்கிவிடும். ஒரு துகள் கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்கில் ஒரே இடத்தில் சேர்ந்தால் தெரியும். அவ்வளவுதான். கரண்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம், படித்த டெக்னீஷியனும் வேண்டாம்.

"தங்கமா? விலை எகிறுமே" என்பவர்களுக்காக ஒரு காஸ்டிங் கணக்கு. 40 நானோமீட்டர் துகள் ஒன்றின் கன அளவைக் கண்டுபிடித்துத் தங்கத்தின் அடர்த்தியால் பெருக்கினால், 1 கிராம் தங்கத்தில் சுமார் 1500 லட்சம் கோடி துகள் தேறும். ஒரு ஸ்ட்ரிப்புக்குத் தேவைப்படுவது சில மைக்ரோகிராம். தாராளமாக 10 மைக்ரோகிராம் என்றே வையுங்கள். 8 கிராம், அதாவது ஒரு பவுனில், எட்டு லட்சம் ஸ்ட்ரிப் போடலாம். இந்த உலகத்தில் தங்கத்தால் செய்து இவ்வளவு மலிவாக விற்கக்கூடிய பொருள் வேறு ஏதாவது இருக்கிறதா, சொல்லுங்கள்.

இனி சண்டைக்கு வருவோம்.

நானோ ஆராய்ச்சி பற்றி வருகிற செய்திகளைக் கொஞ்ச நாள் கவனித்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது ஒரே மாதிரி இருக்கும். "முன்பைவிட நூறு மடங்கு நுணுக்கமாகக் கண்டறியும்", "ஆயிரம் மடங்கு நுணுக்கமாகக் கண்டறியும்". எத்தனை பேருக்குப் போய்ச் சேரும், என்ன விலை, ஒரு லட்சம் செய்தால் லட்சமும் ஒன்றுபோல் இருக்குமா என்று ஒரு வரி இருக்காது. நுணுக்கம் ஒன்றுதான் அளவுகோல் என்று நாமும் பழகிவிட்டோம். இந்தப் பழக்கம் வெறும் ரசனைக் கோளாறாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இதனால் ஆள் சாகிறார்கள்.

எப்படி என்று ஒரே ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

எச்.ஐ.வி. உள்ளவர்களைக் கொல்வதில் முதலிடம் டிபிக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் உலகம் முழுக்க டிபியால் இறந்தவர்கள் சுமார் 12.5 லட்சம் பேர். அதில் எச்.ஐ.வி.யும் இருந்தவர்கள் சுமார் 1.61 லட்சம். இவர்களிடம் டிபியைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. உடம்பு அந்த அளவுக்கு நலிந்தவர்களால் பரிசோதனைக்குச் சளி துப்பக்கூட முடியாது. டிபியும் நுரையீரலோடு நிற்காமல் உடம்பெல்லாம் பரவியிருக்கும். சளியை வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது.

ஆனால் டிபி கிருமியின் உறையில் லாம் என்று ஒரு பொருள் உண்டு (முழுப்பெயர் லிப்போஅராபினோமேனன், நாக்கு சுளுக்கினால் நான் பொறுப்பில்லை). எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு டிபி இருந்தால் இது சிறுநீரில் வெளியேறும். இதைப் பிடிக்க, அதே தங்கத் துகள் வைத்து, அதே கர்ப்பக் கார்டு பாணியில் ஒரு ஸ்ட்ரிப் வந்தது. அலியர் என்ற கம்பெனி கொண்டுவந்தது, 2017-ல் அந்தக் கம்பெனியை அபாட் வாங்கிக்கொண்டது. 60 மைக்ரோலிட்டர் சிறுநீர், அதாவது ஓரிரு சொட்டு. 25 நிமிடம். விலை சுமார் 3.50 டாலர். நோயாளி கட்டிலை விட்டு இறங்கவே வேண்டாம்.

2015-ல் உலக சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி.யோடு நோய் முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. 2016-ல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வெளியானது. தென்னாப்பிரிக்கா, தான்சானியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே நாடுகளில் 10 மருத்துவமனைகள், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள். வழக்கமான பரிசோதனைகள் மட்டும் செய்த குழுவில் எட்டு வாரத்துக்குள் 25 சதவீதம் பேர் இறந்தார்கள். அதோடு இந்தச் சிறுநீர் ஸ்ட்ரிப்பையும் சேர்த்துக்கொண்ட குழுவில் 21 சதவீதம். நூற்றுக்கு நாலு உயிர் வித்தியாசம். பிறகு மலாவியிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த இன்னொரு ஆய்வையும் சேர்த்து 2021-ல் காக்ரேன் மதிப்பாய்வு வந்தது. உள்நோயாளிகளில் இறப்பு சுமார் 15 சதவீதம் குறைகிறது என்றது.

கவனியுங்கள், இது மருந்து இல்லை. ஒரு பரிசோதனை. பரிசோதனையைச் சேர்த்ததாலேயே இறப்பு குறைந்தது என்று ஆய்வில் நிரூபிப்பது மருத்துவத்தில் அவ்வளவு சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. அப்படி நிரூபித்த ஒன்றை உலகம் என்ன செய்திருக்க வேண்டும்? அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

நடந்ததோ வேறு. பரிந்துரை வந்து வருஷக்கணக்கில் பல நாடுகள் இதை வாங்கவே இல்லை. சொன்ன காரணங்களில் முக்கியமானது: "துல்லியம் போதாது." அதாவது, டிபி உள்ள நூறு பேரில் சுமார் 42 பேரைத்தான் இந்த ஸ்ட்ரிப் பிடிக்கிறது. பாதிகூட இல்லை. பரீட்சையாக இருந்தால் பார்டர் பாஸ் :-)

இந்த வாதம் எனக்குக் கொஞ்சமும் புரியவில்லை. 42-ஐ 100-ஓடு ஏன் ஒப்பிடுகிறீர்கள்? சளி வராமல், எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் படுத்திருக்கிற அந்த ஆளுக்கு இன்று சாயங்காலம் கிடைக்கக்கூடிய வேறு பரிசோதனை என்ன? பல இடங்களில் ஒன்றும் இல்லை. அப்போது ஒப்பிட வேண்டியது 42-ஐயும் பூஜ்யத்தையும். எங்கள் பாடத்தில் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஒன்றை வேண்டாம் என்று ஒதுக்கும்போது எதை இழக்கிறோம் என்ற கணக்கு. நூறு பேருக்கு நாலு உயிர் என்று லான்செட் ஆய்வு அந்தக் கணக்கையும் போட்டுக் கொடுத்துவிட்டது. இதற்குமேல் என்ன வேண்டும்?

இங்கே நியாயமான ஒரு எதிர்க்கேள்வி உண்டு. "மீதி 58 பேருக்கு நோய் இல்லை என்று தப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டால்?" நல்ல கேள்வி. பதிலும் உண்டு. கோடு விழுந்தால் உடனே மருந்தைத் தொடங்கு. கோடு விழவில்லை என்பதை வைத்து டிபி இல்லை என்று முடிவு கட்டாதே, மற்ற சோதனைகளைத் தொடர்ந்து செய். இந்த ஸ்ட்ரிப்பைப் பயன்படுத்த வேண்டிய முறையே இதுதான். வாசற்கதவைத் திறக்கிற சாவியை வைத்துக்கொண்டு பீரோ திறக்கவில்லை என்று தூக்கி எறிவார்களா யாராவது?

சரி, அப்படியானால் ஆராய்ச்சியே வேண்டாமா, இருப்பதே போதுமா? அப்படிச் சொல்லவில்லை. இதே லாம் ஸ்ட்ரிப் கதையில் அடுத்த அத்தியாயம் நானோ ஆராய்ச்சியின் அழகைக் காட்டுவது. ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் கம்பெனிக்கு போட்டோ பிலிம் கழுவுகிற வெள்ளி ரசாயனம் அத்துப்படி. டிஜிட்டல் கேமரா வந்து பிலிம் வியாபாரம் படுத்த பிறகு, அந்த வித்தையை இங்கே கொண்டுவந்தார்கள். கோட்டில் சிக்கிய தங்கத் துகளின் மேல் வெள்ளியைப் படிய வைத்துத் துகளைப் பல மடங்கு பெரிதாக்குவது. கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கக்கூடிய கோடு கறுப்பாகத் தெரியும். ஆன்டிபாடிகளையும் மேம்பட்டதாகப் போட்டார்கள். 2019-ல் வந்த முடிவு: தென்னாப்பிரிக்காவில் சேமித்து வைத்திருந்த சிறுநீர் மாதிரிகளில் பழைய ஸ்ட்ரிப் 42 சதவீதம் பிடித்தது, புதியது 70 சதவீதம் பிடித்தது. படித்தபோது எனக்கே சிலிர்த்தது.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது. டிபி இல்லாதவர்களைச் சரியாக "இல்லை" என்று சொல்வதில் பழையது சுமார் 95 சதவீதம், புதியது சுமார் 91. காதைக் கூர்மையாக்கினால் வேண்டாத சத்தமும் சேர்ந்துதான் கேட்கும். அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய அடி. ஒரு லாட்டில் வந்த ஸ்ட்ரிப்புக்கும் அடுத்த லாட்டில் வந்த ஸ்ட்ரிப்புக்கும் முடிவு மாறுகிறது என்று அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரியவந்தது. ஆய்வகத்தில் ஜெயித்தது, தொழிற்சாலையில் தடுக்கி விழுந்தது. 2019-ல் "இதோ வருகிறது" என்று காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் என் கோபம். நல்லது வரும் என்று நம்புவது தப்பில்லை. வரப்போகிற நல்லதைக் காட்டி, வந்துவிட்ட சுமாரானதை வாங்காமல் இருப்பது தப்பு. காத்திருந்த வருஷங்களில் செத்தவர்களுக்கு எந்த லாட் ஸ்ட்ரிப்பும் கிடைக்கவில்லை.

இதே நாடகத்தை நாம் எல்லோருமே ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறோம். 2020. கொரோனா. ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு வர நாள்கணக்கில் ஆனது. அதற்குள் பாசிட்டிவ் ஆள் பத்துப் பேரோடு பேசி முடித்திருப்பார். கால் மணி நேரத்தில் பதில் சொல்கிற ஆன்டிஜென் ஸ்ட்ரிப்பை (பெரும்பாலும் தங்கத் துகள், சிலவற்றில் நிறமேற்றிய லேடெக்ஸ் துகள்) மலிவாகச் செய்து வீட்டுக்கு வீடு கொடுங்கள் என்று ஹார்வர்டில் இருந்த மைக்கேல் மினா போன்றவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். "பி.சி.ஆர். அளவுக்கு நுணுக்கம் இல்லையே" என்று பதில் வந்தது. நாலு நாள் கழித்து வருகிற சரியான பதில், தொற்றைத் தடுக்கிற விஷயத்தில் தப்பான பதிலுக்குச் சமம் என்பதைப் பலர் ஏற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆனது.

பிறகு ஏற்றுக்கொண்டார்கள். அப்போது விலை வந்து குறுக்கே நின்றது. இங்கிலாந்தில் 2021 ஏப்ரலிலிருந்து, யார் கேட்டாலும் வாரம் இரண்டு முறை பரிசோதிக்க இலவசமாகக் கொடுத்தார்கள், 2022 மார்ச் கடைசி வரை. இந்தியாவில் 2021 மே மாதம் அனுமதி பெற்ற முதல் வீட்டு கிட் 250 ரூபாய். நாலு பேர் உள்ள குடும்பம், வாரம் இரண்டு முறை, நாலு வாரம் என்று பெருக்குங்கள். மாதம் 8,000 ரூபாய். அரிசி பருப்பு வாங்குவதா, மூக்கில் குச்சி விடுவதா? ஒரே துகள், ஒரே அறிவியல். அங்கே அது பொதுச் சொத்து, இங்கே வசதியுள்ளவர்களின் மன நிம்மதி. வித்தியாசம் முழுக்கக் கணக்குப் புத்தகத்தில்தான் இருந்தது.

இப்போது அந்த "ஒரே சொட்டு ரத்தம்" பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவோம். இந்த வசனத்தை வைத்தே அமெரிக்காவில் ஒரு கம்பெனி எழுந்தது, தெரனோஸ். 2003-ல் தொடங்கி, 2014 வாக்கில் 900 கோடி டாலர் மதிப்பு. ரத்தம் பிடிக்கிற குட்டிக் குப்பிக்கு அவர்கள் வைத்த பெயர் நானோடெய்னர்! அதில் நானோ அளவில் எதுவும் கிடையாது, வெறும் சின்ன குப்பி. 2015-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஜான் கேரிரூ எழுதிய கட்டுரைகளால் சாயம் வெளுத்தது. நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022 ஜனவரியில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, அதே வருஷம் நவம்பரில் 11 வருஷத்துக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றார். அத்தனை பெரிய முதலைகள் பணத்தைக் கொட்டினார்களே, அவர்களில் எத்தனை பேர் பரிசோதனை முடிவுகளை வெளியிடச் சொல்லிக் கேட்டார்கள்? சொட்டு என்றார்கள், நானோ என்றார்கள், செக்கைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்கள்.

தெரனோஸ் மோசடி, விடுங்கள். நேர்மையாகவே 99 சதவீதம் சரியாகச் சொல்கிற ஒரு நானோ பரிசோதனை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடிய ஒரு புற்றுநோயைத் தேடி, எந்த அறிகுறியும் இல்லாத ஒரு லட்சம் பேரைப் பரிசோதிக்கிறோம். நோய் உள்ளவர்கள் 100 பேர், அதில் 99 பேரைப் பிடித்துவிடும். சபாஷ். நோய் இல்லாத 99,900 பேரில் ஒரு சதவீதம், அதாவது 999 பேருக்கும் "இருக்கிறது" என்று சொல்லிவிடும். ஆக, பாசிட்டிவ் என்று கேட்டு இடிந்து உட்கார்ந்த பதினோரு பேரில் ஒருவருக்குத்தான் நோய். மீதிப் பத்துப் பேர் ஸ்கேன், பயாப்ஸி என்று அலைந்து, நகையை அடகு வைத்து, கடைசியில் "ஒன்றுமில்லை" என்று கேட்டுவிட்டு வருவார்கள். எங்கே, யாரிடம், எந்த அறிகுறியோடு வருபவரிடம் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் ஒரு பரிசோதனையின் மதிப்பு இருக்கிறது. துகளின் சாமர்த்தியம் அதற்கு அப்புறம்.

டிபி என்றதும் நம் ஊர் விஷயம் இரண்டைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. டிபி வந்தால் சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் பிழைப்பார்கள் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1956-ல் சென்னையில் ஒரு ஆய்வைத் தொடங்கி, வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் கிட்டத்தட்ட அதே பலன்தான் என்று 1959-ல் நிரூபித்தார்கள். உலகம் அந்த வழிக்கு வந்தது. இரண்டாவது, தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டம். டிபி என்று உறுதியானவுடன், எடை–உயரக் கணக்கு, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது. எடை பார்க்கிற மெஷினும் விரலில் மாட்டுகிற கருவியும்தான் பெரிய சாதனங்கள். இரண்டுமே நோயாளி இருக்கிற இடத்துக்கு வைத்தியத்தைக் கொண்டுபோன கதைகள். பளபளப்பு இல்லாததால் கைதட்டல் கம்மி.

ஆகவே நண்பர்களே, இனி யாராவது மேடையேறி நானோ பரிசோதனை என்று ஆரம்பித்தால் கைதட்டுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். என்ன விலைக்கு வரும்? லட்சம் செய்தால் லட்சமும் ஒரே மாதிரி இருக்குமா? நோயாளிக்குப் பக்கத்தில், கரண்ட் போனாலும் வேலை செய்யுமா? இதனால் சாவு குறைகிறது என்று எங்கே பார்த்தீர்கள்? நாலுக்கும் பதில் இருந்தால் எழுந்து நின்றே கைதட்டலாம், நானும் வருகிறேன். பதில் இல்லையென்றால், "நல்ல ஆராய்ச்சி, தொடருங்கள், அதுவரை இருக்கிற ஸ்ட்ரிப்பை வாங்கிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

"பி.காம் படிக்கிற பயலுக்கு நானோவைப் பற்றி என்ன தெரியும்?" என்று யாராவது கேட்கப்போகிறீர்கள், தெரியும். வேதியியல் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டுப்போனது உண்மைதான். ஆனால் கடைசி மைலில் ஸ்ட்ரிப்பை நிறுத்தி வைத்திருப்பது வேதியியல் இல்லை. டெண்டர், விலை, தரக் கட்டுப்பாடு, யார் காசு கொடுப்பது என்ற கணக்கு. அது எங்கள் பாடம் ஐயா. நாங்கள்தான் அதை ஒழுங்காகப் படிக்கவில்லை.

அந்த நண்பன் கேட்ட கேள்விக்கு மேடையில் இருந்தவர் பதில் சொல்லவில்லை. அவன் சத்தமாகக் கேட்கவும் இல்லை. அடுத்த முறை நான் மைக்கை வாங்கிக் கேட்பதாக இருக்கிறேன்.